ஒன்பதாவது டேங்க்

மக்காச்சோளம் விதைத்து மூன்று வாரம் ஆனதும் பெரம்பலூர் மாவட்டத்துக் கரிசல் காடுகளில் மருந்தடிப்பு தொடங்கிவிடும். 2018-க்கு முன்னால் இந்தப் பயிருக்கு இவ்வளவு மருந்து அடித்தவர் கிடையாது. அந்த ஆண்டு மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்காவில் கண்டறியப்பட்ட அமெரிக்கப் படைப்புழு, மானாவாரிப் பயிர் தலையெடுக்கும் நேரத்தில் வேப்பந்தட்டை, குன்னம் பக்கமும் வந்து சேர்ந்தது. இலைமேல் உட்கார்ந்திருக்கும் புழு என்றால் பாடு குறைவு. இது குருத்துக்குள் இறங்கி, தன் எச்சத்தாலேயே வாசலை அடைத்துக்கொண்டு உள்ளே இருந்து தின்கிறது. ஆகவே மருந்து ஒவ்வொரு செடியின் குருத்திலும் விழ வேண்டும். மேலோட்டமாகத் தூவிவிட்டுப் போக முடியாது.

அதற்கு ஏற்ற கருவியாக ஊர் ஊராகப் பரவியிருப்பது முதுகில் மாட்டும் பேட்டரி ஸ்பிரேயர். 16 லிட்டர் டேங்க், அடியில் 12 வோல்ட் மோட்டார் பம்பு, பக்கத்தில் 12 வோல்ட் 8 ஏ.எச். லெட்-ஆசிட் பேட்டரி. கைப்பம்பு அடித்து அடித்துத் தோள்பட்டை போன தலைமுறைக்கு இது பெரிய விடுதலை. ஏக்கருக்குப் பத்து, பன்னிரண்டு டேங்க் ஆகும். எட்டு டேங்க் ஓடியபின் மோட்டாரின் குரல் மாறும். ஒன்பதாவது டேங்கில் விசிறி சுருங்கி, குழாயிலிருந்து மூத்திரம் போல் ஒழுகத் தொடங்கும். முதுகில் பாதி டேங்க் கலந்த மருந்து, நின்றுகொண்டிருப்பது காட்டின் நட்டநடுவில்.

விவரமுள்ளவர்கள் இரண்டு பேட்டரி வைத்துக்கொள்கிறார்கள். ஒன்று இறங்கியதும் வரப்புக்கு வந்து, டேங்கை இறக்கி, அடித்தட்டைக் கழற்றி, மருந்து பட்ட கையோடு ஒயரைப் பிடுங்கி அடுத்ததில் மாட்டுகிறார்கள். இதை இயந்திரமே செய்துகொள்ளாதா? முதல் பேட்டரி ஓய்ந்ததும் மோட்டார் தானாக இரண்டாவதற்கு மாறினால் என்ன? பாலிடெக்னிக் மாணவனிடம் கேட்டால் ஐந்து நிமிடத்தில் படம் போட்டுக் கொடுத்துவிடுவான். அந்தப் படம் அநேகமாக வேலை செய்யாது. மாற்றுவது எளிது, எப்போது மாற்றுவது என்று தெரிந்துகொள்வதில்தான் இந்த அத்தியாயம் முழுவதும் இருக்கிறது.

முதலில் ஒன்பதாவது டேங்கின் கணக்கு. பேட்டரி மேல் 8 ஏ.எச்., அதாவது 8 ஆம்பியர்-அவர், என்று அச்சடித்திருக்கிறது. மோட்டார் 3 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால் எட்டை மூன்றால் வகுத்து 2 மணி 40 நிமிடம் ஓட வேண்டும். ஓடாது. அந்த எட்டு என்ற எண், பேட்டரியை 20 மணி நேரம் மெதுவாக இறக்கினால் கிடைப்பது. அதாவது 0.4 ஆம்பியர் மட்டும் எடுத்தால். வேகமாக எடுக்க எடுக்க மொத்தக் கொள்ளளவே சுருங்கும் என்பதை ஜெர்மானியரான வில்ஹெல்ம் பாய்கெர்ட் 1897-இல் ஒரு சூத்திரமாக எழுதினார். அந்தச் சூத்திரத்தில் வரும் அடுக்கெண் லெட்-ஆசிட் பேட்டரிகளுக்கு 1.1-லிருந்து 1.3 வரை இருக்கும். 1.2 என்று போட்டுப் பார்த்தால் 3 ஆம்பியருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 1 மணி 47 நிமிடம். ஒரு டேங்க் காலியாக 12 நிமிடம் என்றால், ஒன்பதாவது டேங்க் முடிகிற சமயம். இது புது பேட்டரிக்கு. இரண்டாவது வருஷம் ஆறாவது டேங்கிலேயே நிற்கும்.

ஏன் சுருங்குகிறது? பேட்டரிக்குள் இருப்பது ஈயத் தகடுகளும் நீர்த்த கந்தக அமிலமும். 1859-இல் பிரான்சின் கஸ்தோன் பிளாந்தே செய்தபோதும் இதுதான், இன்றும் இதுதான். தகடு கடற்பஞ்சு மாதிரி நுண்துளைகள் நிறைந்தது. மின்சாரம் எடுக்கும்போது அந்தத் துளைகளுக்குள் இருக்கும் அமிலம் செலவாகிறது. வெளியே இருக்கும் அமிலம் உள்ளே ஊறி வர நேரம் ஆகும். அவசரமாக எடுத்தால் வெளியே அமிலம் மிச்சமிருக்கும்போதே துளைக்குள் வறண்டுவிடுகிறது, வோல்ட் சரிகிறது. பேட்டரி காலியாகவில்லை, அதற்கு மூச்சு வாங்குகிறது. இந்த உண்மையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் தொல்லை எல்லாம் இதிலிருந்து பிறப்பதுதான்.

இரண்டு பேட்டரியையும் ஒன்றாகவே இணைத்துவிட்டால் என்ன என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ். பாய்கெர்ட் கணக்கும் இதற்குத்தான் சாதகம். ஆளுக்கு 1.5 ஆம்பியர் மட்டுமே தருவதால் இரண்டும் சேர்ந்து சுமார் 4 மணி 5 நிமிடம் ஓடும். ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினால் 3 மணி 34 நிமிடம்தான். அரை மணி நேரம், இரண்டரை டேங்க் நஷ்டம். தானாக மாறும் சுற்றுகளைப் பற்றி ஆர்வமாக எழுதுகிறவர்கள் இந்த நஷ்டத்தைச் சொல்வதில்லை.

ஆனால் இரண்டு பேட்டரியும் ஒரே நாளில் வாங்கியதாக, ஒரே அளவு சார்ஜ் ஏறியதாக இருந்தால்தான் அந்த நான்கு மணி நேரம். காட்டில் நடப்பது வேறு. ஒன்று போன வருஷத்தது, மற்றொன்று நேற்று வாங்கியது. ஒன்று முழுசாக ஏறியது, மற்றது கரண்ட் போனதால் பாதியில் நின்றது. இரண்டுக்கும் இடையே ஒன்றரை வோல்ட் வித்தியாசம் இருக்கிறது என்று வையுங்கள். இரண்டின் உள் மின்தடையும் ஒயரும் சேர்ந்து 0.06 ஓம். இணைத்த கணத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு 25 ஆம்பியர் பாயும். ஸ்பிரேயருக்குள் இருக்கும் மெல்லிய ஒயர் அதற்குச் செய்ததல்ல. ஃபியூஸ் இருந்தால் போகும், இல்லாவிட்டால் ஒயர் உருகும்.

நடுவில் ஆளுக்கொரு டயோடு போட்டால் இந்தப் பாய்ச்சல் நின்றுவிடும். டயோடு ஒருவழிப் பாதை. பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போகலாம், இன்னொரு பேட்டரிக்குள் போக முடியாது. எது வோல்ட் அதிகமோ அது தானாக முன்வந்து தருகிறது. அது இறங்கி மற்றதன் மட்டத்துக்கு வந்ததும் இரண்டும் பகிர்ந்துகொள்கின்றன. ஷாட்கி வகை டயோடில் 0.4 வோல்ட் அளவுக்கு இழப்பு. 3 ஆம்பியருக்கு 1.2 வாட், மோட்டார் எடுப்பதில் மூன்று சதவீதம். ரிலே கிடையாது, ஐ.சி. கிடையாது, கெட்டுப்போக எதுவும் கிடையாது. பல இடங்களுக்கு இதுவே போதும் என்பதுதான் என் கட்சி.

ஸ்பிரேயருக்கு மட்டும் அது போதாது. டயோடு வழியாக ஓடும் இரண்டு பேட்டரியும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் ஓயும். எச்சரிக்கை கிடையாது. பழைய மோட்டார் சைக்கிள்களில் பெட்ரோல் குழாயில் ரிசர்வ் என்று ஒரு நிலை இருந்தது. வண்டி திக்கும்போது குழாயைத் திருப்பினால் பங்க் வரை போய்ச் சேரலாம், தீர்ந்துவிட்டது என்ற செய்தியும் கிடைத்துவிடும். மருந்தடிப்பவருக்குத் தேவை அதுதான். முதல் பேட்டரி போனது தெரிய வேண்டும், கலக்கிய மருந்தை முடிக்க ரிசர்வ் இருக்க வேண்டும். கலக்கிய மருந்தை நாளைக்கு என்று வைத்திருக்க முடியாது. ஓடைக்கரையில் கொட்டினால் அது இன்னொரு பாவம். விசை குறைந்த பம்பில் அடித்துத் தீர்க்கலாம் என்றால், அழுத்தம் குறையும்போது துளி பெருத்து, இலையில் ஒட்டாமல் உருண்டு மண்ணில் விழுகிறது. குருத்துக்குள் இருக்கும் புழு தப்பித்துக்கொள்ளும்.

இன்னொரு காரணம் கைகள். 2017-இல் பெரம்பலூர் மாவட்டத்துப் பருத்திக் காடுகளில் மருந்தடித்தவர்கள் நஞ்சேறி இறந்தார்கள். அதே ஆண்டு மகாராஷ்டிரத்தின் யவத்மாலிலும் அதே கதை. அந்தச் சாவுகளுக்கு பேட்டரி காரணமில்லை. ஆனால் மருந்து நனைந்த சட்டையோடும் கையோடும் ஒரு மனிதன் காட்டில் செய்ய வேண்டிய வேலைகளில் ஒன்றைக் குறைக்க முடிந்தால் குறைப்பது நல்லது. இதற்கு விலை இரண்டரை கிலோ. 16 கிலோ மருந்துத் தண்ணீரும் கருவியின் எடையும் ஏற்கெனவே ஏறிய முதுகில் இன்னொரு பேட்டரி. சிலர் வேண்டாம் என்பார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

சரி, பேட்டரியைத் தானாக மாற்றிக் கொடுக்கும் ரிலேவுக்கு வருவோம். வீட்டில் கரண்ட் போனதும் இன்வெர்ட்டருக்குள் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்குமே, அதுதான். 2012-இன் மின்வெட்டுக் காலத்தில் தமிழ்நாட்டில் அந்தச் சத்தத்துக்குப் பழகாத காது கிடையாது. ஒரு கம்பிச்சுருள், அதில் மின்சாரம் பாய்ந்தால் காந்தமாகி ஒரு தகட்டை இழுக்கும். தகடு ஒரு முனையை விட்டு இன்னொரு முனையைத் தொடும். ஆட்டோ எலெக்ட்ரிக் கடையில் ரிலே கேட்டால் கிடைக்கும் கறுப்புப் பெட்டியின் அடியில் ஐந்து கால்கள். அவற்றில் 30, 85, 86, 87, 87ஏ என்று எண்கள். ஜெர்மன் வாகனத் தரத்திலிருந்து வந்த எண்கள் இவை, எந்த ஊர் எலெக்ட்ரீஷியனுக்கும் மனப்பாடம். 85-க்கும் 86-க்கும் இடையில் சுருள். 30 பொதுக் கால். சும்மா இருக்கும்போது அது 87ஏ-யைத் தொட்டிருக்கும், சுருள் இழுத்தால் 87-க்குப் போகும். மோட்டாரை 30-இல் கொடுத்து, இரண்டு பேட்டரிகளின் பிளஸ்ஸையும் 87-க்கும் 87ஏ-க்கும் பிரித்துக் கொடுத்தால் மாற்றும் வேலை முடிந்தது. மைனஸ் இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம். தகடு ஒன்றை விட்ட பிறகுதான் மற்றதைத் தொடும் என்பதால் இரண்டு பேட்டரியும் ஒரு கணம்கூட ஒன்றோடொன்று சேராது. அந்த இடைவெளி ஒரு நொடியில் நூற்றில் ஒரு பங்கு. சுழன்றுகொண்டிருக்கும் மோட்டாருக்கு அது நடந்ததே தெரியாது.

அரியலூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர்களுக்குப் பஞ்சமில்லாத ஊர் அது. பட்டறையில் ரிலேவும் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் டிப்பர் 24 வோல்ட் வண்டி. அதன் ரிலேவும் 24 வோல்ட். பார்க்க அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும். 12 வோல்ட் கொடுத்தால் சுருள் அசையாது. பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

பாலிடெக்னிக் மாணவன் போடும் படம் இப்படி இருக்கும். முதல் பேட்டரியிலேயே சுருளையும் இணைத்துவிடு. அதில் தெம்பு இருக்கும்வரை ரிலே இழுத்துப் பிடித்திருக்கும், மோட்டார் அதிலேயே ஓடும். தெம்பு போனதும் பிடி விடும், மோட்டார் ரிசர்வுக்குப் போகும். அழகான யோசனை. மேசைமேல் செய்து காட்டினால் கைதட்டல் விழும். குறை எங்கே என்றால், 12 வோல்ட் ரிலே ஒன்று இழுத்துப் பிடிக்க 9 வோல்ட் வேண்டும். ஆனால் ஒருதரம் பிடித்துவிட்டால் 4 வோல்ட்டுக்கும் கீழே போகும்வரை விடாது. தகடு காந்தத்தின் அருகிலேயே வந்துவிட்டதால் சின்ன இழுவையே அதைத் தாங்கப் போதும். லெட்-ஆசிட் பேட்டரியை நிறுத்த வேண்டிய இடமோ சுமார் 10.5 வோல்ட். அதற்குள் இருக்கும் ஆறு செல்களும் ஒரே பலம் கொண்டவை அல்ல, 10.5-க்குக் கீழே இறங்கினால் ஆகப் பலவீனமான செல் முதலில் காலியாகி, மற்ற ஐந்தும் சேர்ந்து அதைத் தலைகீழாகச் சார்ஜ் செய்யத் தொடங்கும். ரிலே பிடியை விடும் நேரத்தில் பேட்டரி செத்திருக்கும்.

எனவே வோல்ட்டை அளந்து முடிவெடுக்க ஒரு சின்னச் சுற்று வேண்டும். டிஎல் 431 என்று மூன்று கால் கொண்ட ஒரு பொருள் இருக்கிறது. செல்ஃபோன் சார்ஜர்களில் சர்வசாதாரணமாகக் கிடப்பது. தன் ஒரு காலில் 2.5 வோல்ட் வந்துவிட்டதா என்பதை மட்டும் அது கவனித்துக்கொண்டிருக்கும். பேட்டரி வோல்ட்டை 33 கிலோ ஓம், 10 கிலோ ஓம் என்ற இரண்டு மின்தடைகளால் பங்கிட்டு அந்தக் காலுக்குக் கொடுத்தால், அதன் கணக்கில் 2.5 என்பது நம் கணக்கில் 10.7 வோல்ட். அதற்குக் கீழே போனதும் ரிலேவுக்கு ஆணை. வேலை முடிந்ததா?

முடியவில்லை. இனிமேல்தான் வேடிக்கை. 10.7-க்கு இறங்கியதும் ரிலே மாறுகிறது. முதல் பேட்டரியின் பாரம் நீங்குகிறது. பாரம் நீங்கியதும் அதன் வோல்ட் உடனே அரை வோல்ட், ஒரு வோல்ட் எழும்புகிறது. சுற்று பார்க்கிறது: அட, தெம்பாகத்தானே இருக்கிறது! திரும்ப அதனிடமே மோட்டாரை ஒப்படைக்கிறது. பாரம் ஏறியதும் மறுபடி 10.7. மறுபடி மாற்றம். நொடிக்குப் பல தடவை ரிலே படபடக்கும், ஒவ்வொரு தடவையும் முனையில் ஒரு தீப்பொறி, சில நிமிடத்தில் முனைகள் ஒட்டிக்கொள்ளும்.

இந்த நோய்க்கு மருந்து கண்டவர் ஓட்டோ ஷ்மிட் என்ற அமெரிக்கர். 1934-இல் அவர் மாணவர். கணவாய் மீனின் நரம்பில் துடிப்பு எப்படிப் பயணிக்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். நரம்பு அரைகுறையாகத் துடிப்பதில்லை. ஒரு வரம்பைத் தாண்டினால் முழுசாகத் துடிக்கும், தாண்டாவிட்டால் சும்மா இருக்கும். அந்தக் குணத்தை வால்வுகளைக் கொண்டு செய்து பார்த்ததில் பிறந்த சுற்றை 1938-இல் வெளியிட்டார். அதற்கு வரம்பு ஒன்றல்ல, இரண்டு. கீழே இறங்கும்போது ஒரு வரம்பு, மேலே ஏறும்போது அதைவிட உயர்ந்த இன்னொரு வரம்பு. நடுவில் இருக்கும்போது பழைய முடிவிலேயே நிற்கும். இந்த இடைவெளிக்கு ஹிஸ்டெரிசிஸ் என்று பெயர். ஷ்மிட் டிரிகர் என்ற இந்தச் சுற்று இல்லாத மின்னணுக் கருவி இன்று அபூர்வம். இந்த இரண்டு மாவட்டங்களின் வரலாற்றைப் படிக்கும்போது எனக்கு அந்த மனிதர் ஞாபகம் வரும். 2001-இல் பெரம்பலூரிலிருந்து அரியலூர் பிரிந்தது, 2002-இல் திரும்பச் சேர்ந்தது, 2007-இல் மறுபடி பிரிந்தது.

அப்படியானால் மேல் வரம்பை எங்கே வைப்பது? 11.5-இல் வைத்தால் படபடப்பு நிற்கும், ஆனால் கொஞ்ச நேரத்துக்குத்தான். முன்பு சொன்ன நுண்துளைகளை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பேட்டரி சும்மா இருக்க இருக்க வெளியே இருக்கும் அமிலம் துளைக்குள் ஊறுகிறது. கால் மணி நேரத்தில் வோல்ட் 11.8, 12 என்று ஏறிவிடும். சுற்று ஏமாந்து மோட்டாரைத் திருப்பி ஒப்படைக்கும். இரண்டு நிமிடம் ஓடும், விழும். ரிசர்வுக்குப் போகும். மறுபடி கால் மணி நேரம். ஒவ்வொரு தடவையும் பேட்டரி இன்னும் ஆழமாக உறிஞ்சப்படுகிறது. ஓய்வெடுத்த பேட்டரி காட்டும் வோல்ட்டை நம்பவே கூடாது.

ஓய்வால் மட்டும் எட்ட முடியாத ஒரு எண் இருக்கிறது. முழுசாக ஏறிய 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரிகூட, சார்ஜரைக் கழற்றி ஆறவிட்டால் 12.8 அளவில்தான் நிற்கும். 13.2 வோல்ட் தெரிந்தால் ஒன்றே ஒன்றுதான் பொருள்: சார்ஜர் மாட்டியிருக்கிறது, அல்லது இப்போதுதான் கழற்றினார்கள். மேல் வரம்பை அங்கே வையுங்கள். 10.7-இல் விட்ட பேட்டரியை, 13.2 காட்டும்வரை திரும்பிப் பார்க்காதே என்பது இப்போது ஆணை. எவ்வளவு நேரம் சும்மா கிடந்தாலும் பேட்டரியால் இந்த வரம்பை ஏமாற்ற முடியாது.

இவ்வளவு செய்தும் மதியச் சாப்பாடு கெடுத்துவிடும். பதினொரு மணிக்கு முதல் பேட்டரி ஓய்ந்து ரிசர்வில் ஓடிக்கொண்டிருக்கிறது. பன்னிரண்டரைக்கு மருந்தடிப்பவர் ஸ்விட்சை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறார். சுற்றுக்கும் மின்சாரம் நின்றுபோனது. இரண்டு மணிக்குத் திரும்பப் போடும்போது முதல் பேட்டரி 12.1 காட்டுகிறது. இரண்டு வரம்புக்கும் நடுவே. பழைய முடிவிலேயே நில் என்றால் எது பழைய முடிவு? சுற்றுக்கு எதுவும் ஞாபகம் இல்லை. சுற்றுக்கு மட்டும் எப்போதும் மின்சாரம் இருக்கும்படி வைக்கலாம்; ஆனால் நாள் கணக்கில் சொட்டுச் சொட்டாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும், அதுவும் ஏற்கெனவே தீர்ந்துபோன பேட்டரியிலிருந்து.

இங்கேதான் வேறொரு வகை ரிலே உதவுகிறது. அதற்கு இரண்டு சுருள், நடுவில் ஒரு நிலைகாந்தம். ஒரு சுருளுக்கு ஒரு கணம் மின்சாரம் கொடுத்தால் தகடு இந்தப் பக்கம் சாய்ந்து காந்தத்தின் பிடியில் நின்றுவிடும். மற்றச் சுருளுக்குக் கொடுத்தால் அந்தப் பக்கம். நிற்பதற்கு மின்சாரமே வேண்டாம். ஸ்விட்சை அணைத்தாலும், ஆறு மாதம் பரணில் கிடந்தாலும் கடைசியாக எந்தப் பக்கம் சாய்ந்ததோ அந்தப் பக்கமே இருக்கும். கடையில் லாச்சிங் ரிலே என்று கேட்க வேண்டும். ஒரு சுருளை 10.7 வோல்ட் சுற்றோடு இணையுங்கள். மற்றதைச் சார்ஜர் சாக்கெட்டோடு இணையுங்கள். 13.2 என்ற வரம்புகூட இப்போது தேவையில்லை. ராத்திரி சார்ஜர் முள்ளைச் செருகும் அந்தச் செயலே தகட்டை முதல் பேட்டரியின் பக்கம் திருப்பிவிடும். ஆனால் கரண்ட் இல்லாத நேரத்தில் சும்மா செருகினால் திரும்பக் கூடாது. எனவே சாக்கெட்டுக்கும் பேட்டரிக்கும் இடையில் ஒரு டயோடு போட்டு, சுருளைச் சாக்கெட் பக்கம் வையுங்கள்.

பம்பிலேயே இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. கைப்பிடியின் கொண்டியை விட்டதும் குழாயில் அழுத்தம் ஏறி, பம்பின் தலையில் இருக்கும் அழுத்த ஸ்விட்ச் மோட்டாரை நிறுத்தும். அமுக்கினால் திரும்ப ஓடும். குருத்துக் குருத்தாக அடிக்கும்போது இது ஒரு நாளில் நூற்றுக்கணக்கான தடவை நடக்கிறது. நின்ற மோட்டார் கிளம்பும்போது ஓடும் மின்சாரத்தைப் போலப் பல மடங்கு இழுக்கும். அந்தக் கணத்தில் நல்ல பேட்டரியின் வோல்ட்கூட ஒரு குழியில் விழுந்து எழும். சுற்று அதைப் பார்த்துப் பேட்டரி தீர்ந்தது என்று முடிவுகட்டினால் முதல் டேங்கிலேயே ரிசர்வுக்குப் போய்விடுவோம். ஒரு 100 கிலோ ஓம் மின்தடையும் 100 மைக்ரோபாரட் கெப்பாசிட்டரும் போட்டால் சுற்றுக்குப் பத்து நொடி நிதானம் வந்துவிடும். ஒரு நொடிச் சரிவை அது கண்டுகொள்ளாது. தொடர்ந்து தாழ்ந்திருந்தால்தான் நம்பும்.

அதே அழுத்த ஸ்விட்ச் ஒரு உபகாரமும் செய்கிறது. டி.சி. மின்சாரத்தை அறுக்கும்போது வரும் தீப்பொறிதான் ரிலே முனைகளைத் தின்பது; வீட்டு ஏ.சி. மின்சாரம் நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொடுவதால் பொறி தானாக அணையும், டி.சி.யில் அந்த வாய்ப்பில்லை. மோட்டாரின் சுருள் வேறு, மின்சாரம் அறுந்ததும் ஒரு உதை உதைக்கும். அதற்கு மோட்டாரின் குறுக்கே தலைகீழாக ஒரு டயோடு போடுவது வழக்கம். ஆனால் 10.7 தெரிந்ததும் உடனே மாற்றாமல், கொண்டியை விட்டு மோட்டார் நிற்கும் அடுத்த கணம்வரை காத்திருந்து மாற்றினால் அறுக்க மின்சாரமே இருக்காது. இதற்கு ஒரு சில்லறை மைக்ரோ கண்ட்ரோலர் போதும். அதையே ஒரு பஸ்ஸரையும் கத்தச் சொல்லலாம், முதல் பேட்டரி போனது என்று.

எந்தப் பேட்டரியை முதலில் தீர்ப்பது என்பதும் ஒரு கேள்விதான். 2013-இல் வந்த லெனோவாவின் திங்க்பேட் டி440 மடிக்கணினிகளில் உள்ளே ஒன்று, பின்னால் கழற்றக்கூடியதாக ஒன்று என்று இரண்டு பேட்டரி. அவை கழற்றக்கூடியதையே முதலில் தீர்க்கும். அது தீர்ந்தபின் கணினியை அணைக்காமலே உருவிவிட்டு வேறொன்று செருகலாம். ஸ்பிரேயருக்கும் அதே வரிசைதான் சரி. எளிதில் கழற்ற முடிவது முதலில், உள்ளே இருப்பது ரிசர்வ். தினம் தினம் முறை மாற்றி இரண்டையும் சமமாகத் தேய்ப்பது நல்லது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு உடன்பாடில்லை. சமமாகத் தேய்ந்தால் இரண்டும் ஒரே வருஷத்தில் சாகும், இரண்டுக்கும் சேர்த்துக் காசு வேண்டும்.

பேட்டரி உழைத்துச் சாவதைவிடச் சும்மா கிடந்து சாவதுதான் அதிகம் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கொள்ளிடக் கரையில் திருமானூர், தா.பழூர் பக்கம் நெல் வைப்பவர்கள் வருஷத்தில் பெரும்பகுதி ஸ்பிரேயரை எடுத்துக்கொண்டே இருப்பார்கள். பெரம்பலூரின் மானாவாரிக் காட்டில் புரட்டாசி விதைப்பு, தை அறுப்பு. பிறகு எட்டு மாதம் கருவிக்கு வேலை இல்லை. கடைசி நாள் பாதி இறங்கிய பேட்டரி அப்படியே மூலையில் கிடக்கும். தகட்டில் படிந்த ஈய சல்பேட் அந்த வெயிலில் பெரிய படிகங்களாக இறுகிவிடும். பிறகு எந்தச் சார்ஜராலும் அதைக் கரைக்க முடியாது. மாதம் ஒருமுறை ராத்திரி சார்ஜ் போட்டு வைத்தால் இது நேராது. 96 வாட்-அவர் பேட்டரி, இழப்பையும் சேர்த்து ஒரு யூனிட்டில் ஏழில் ஒரு பங்கு. 2016 முதல் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகக் கிடைக்கிற மாநிலத்தில் இதற்குச் செலவு என்று ஒன்று கிடையாது.

இப்போது லித்தியம் பேட்டரி வைத்த ஸ்பிரேயர்கள் வரத்தொடங்கிவிட்டன. எடை பாதிக்கும் கீழ். ஆனால் இரும்பு பாஸ்பேட் வகை லித்தியத்தின் வோல்ட் எதையும் சொல்லாது. எண்பது சதவீதம் இருக்கும்போதும் முப்பது சதவீதம் இருக்கும்போதும் நான்கு செல்லுக்கும் சேர்த்துக் கால் வோல்ட்தான் வித்தியாசம். கடைசியில் உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று முன்னறிவிப்பில்லாமல் வாசலைச் சாத்திவிடும். வெளியே பூஜ்யம். கொஞ்ச நேரம் கழித்து அதுவே திறந்துகொள்ளும் வகைகளும் உண்டு. அப்போது பழைய படபடப்பே திரும்பும். லாச்சிங் ரிலே அதையும் தாங்கும், ஆனால் ஆணையிடும் சுற்றுக்கு இரண்டு பேட்டரியிலிருந்தும் டயோடு வழியாக மின்சாரம் கொடுத்திருக்க வேண்டும். இல்லையேல் வாசல் சாத்திய கணத்தில் சுற்றும் சேர்ந்து செத்துவிடும்.

ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டுவதால் இழந்த அந்த அரை மணி நேரத்துக்கு ஈடு கிடைப்பதும் இங்கேதான். லித்தியத்தையும் லெட்-ஆசிட்டையும் ஒன்றாக இணைக்கவே கூடாது, குணம் வேறு, வோல்ட் வேறு. ரிலேவின் இரண்டு பக்கத்தில் நிறுத்தினால் ஒன்றுக்கொன்று சந்திக்கவே போவதில்லை. வயசான லெட்-ஆசிட்டைத் தூக்கிப் போடாமல் அதை ரிசர்வாக உள்ளே தள்ளிவிட்டு, முதல் இடத்துக்குப் புது லித்தியம் வாங்கிக்கொள்ளலாம். மாற்றும் வரம்பை மட்டும் 11.2-க்கு உயர்த்த வேண்டும், செல்லுக்கு 2.8 என்ற கணக்கில். பங்கீட்டில் 33 கிலோ ஓமுக்குப் பதில் 35 வரும், 33-ஓடு 2.2 கிலோ ஓம் ஒன்றைத் தொடராகச் சேர்த்தால் சரி. சார்ஜர் மட்டும் இரண்டு வைத்துக்கொள்ள வேண்டும், சாக்கெட்டும் ஒன்றில் மற்றதன் முள் நுழையாதபடி வேறு வேறு வடிவத்தில்.